இயற்பியல் பிஎச்.டி: சேர்க்கை வாய்ப்பைக் கணக்கிடும்போது செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு மாணவர் தன் பட்டியலைக் காட்டினார். அமெரிக்காவில் பத்துப் பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம் கிடைக்கும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று ஒரு கணக்கு. நானும் ஒரு காலத்தில் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு திரிந்தவன்தான். பத்தில் ஒன்பது மறுத்துவிட்டன. கடைசித் தேதி, எழுத்துப்பிழை எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

துறையை மொத்தமாகப் பார்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு துறை 30 பேரை எடுக்கிறது என்றால், அந்த 30 இடத்துக்கும் நீங்கள் போட்டி போடுவதாக நினைக்காதீர்கள். திடநிலை இயற்பியல் சோதனைக் குழுக்களுக்கு ஆய்வகத்தில் ஆள் வேண்டும். பேராசிரியரிடம் ஆய்வு மானியம் இருந்தால் மாணவருக்கு உதவித்தொகையும் அதிலிருந்தே வரும். ஸ்ட்ரிங் தியரி (இழைக் கோட்பாடு) போன்ற, ஆய்வகம் இல்லாத கோட்பாட்டுப் பிரிவில் ஓர் ஆண்டு ஒருவரை எடுப்பார்கள், அடுத்த ஆண்டு யாரையுமே எடுக்காமலும் போகலாம்.

நான் பத்து இடத்திலும் துகள் கோட்பாடு என்றே எழுதினேன். ஓரிடத்தில் நான் பெயர் சொல்லியிருந்த பேராசிரியர் முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொருவர், புதிய மாணவர்களை எடுப்பதில்லை என்று தன் இணையப் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. தரவரிசையில் கீழே இருக்கிறது, எப்படியும் கிடைக்கும் என்று நம்பிய துறையில் அந்தப் பிரிவுக்கு இருந்த பேராசிரியர்களே இரண்டு பேர்.

சரி, எதைப் பார்ப்பது? அந்தக் குழுவில் இப்போது எத்தனை மாணவர்கள், எந்த ஆண்டில் சேர்ந்தவர்கள் என்று எண்ணுங்கள். அண்மையில் மாணவர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகள் ஆர்க்கைவில் (arXiv, ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கக்கூடிய இணையதளம்) உண்டா என்று தேடுங்கள். அப்புறம், இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா என்று மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல். பதில் வராமலும் போகலாம். இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆய்வக வாசலையே மிதிக்காதவர் திடீரென்று சோதனை இயற்பியல்தான் என் கனவு என்று எழுதினால், சேர்க்கைக் குழு சிரித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுக்கும்.

பெரிய பெயரிடம் பரிந்துரைக் கடிதம்

உங்களைச் சரியாகத் தெரியாத பெரிய பேராசிரியர் எழுதக்கூடியது, வகுப்பில் முதல் மதிப்பெண் என்பதுதான். அது உங்கள் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. கருவி பழுதானபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதக்கூடியவரிடம் கேளுங்கள்.

இயற்பியல் ஜிஆர்இ

இந்த இயற்பியல் பாடத் தேர்வை நீங்கள் விண்ணப்பிக்கும் துறை கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்காத இடத்தில் முழு மதிப்பெண் 990 வாங்கியும் பயனில்லை.

அடுத்தவர் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது

அவருடைய பரிந்துரைக் கடிதங்களை நீங்கள் படித்ததில்லை.

பிப்ரவரியிலேயே கைவிடுவது

இடம் கிடைத்தவர்கள் முடிவு சொல்லப் பெரும்பாலான துறைகள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. அதுவரை காத்திருப்புப் பட்டியல் நகரும். எனக்குக் கிடைத்த அந்த ஒரே இடம் ஏப்ரல் 13 அன்று வந்தது. என் தாளில் அதற்கு எதிரே 5 சதவீதம் என்று எழுதியிருந்தேன்.