பயன்படுத்தப்பட்ட அணு எரிபொருள் கலனின் சான்றிதழ்க் கோப்பைப் படிக்கும் முறை

மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கும் காரைக்குடியில் படிப்பவர்களுக்கு உலோகம் என்றதும் அரிமானம்தான் முதலில் நினைவுக்கு வரும். பயன்படுத்தப்பட்ட அணு எரிபொருளை ஏற்றிச் செல்லும் கலனின் சான்றிதழ்க் கோப்பைத் திட்ட அறிக்கைக்காகப் படிக்கும் மாணவர் முக்கியமாகப் பார்க்க வேண்டியதோ கலனின் மூடியைத்தான்.

கோப்பின் முகப்பில் வகைக் குறி இருக்கும். பி(யூ), பி(எம்) என்பவை விபத்தையும் தாங்க வேண்டிய கலன்களைக் குறிக்கும். பின்னால் எஃப் இருந்தால், அணுப்பிளவுத் தொடர்வினை நிகழக்கூடிய பிளவுறு பொருள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இந்தியாவில் வடிவமைப்புக்கு ஒப்புதல் தருவது மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். சோதனைகளின் அளவுகோல் பன்னாட்டு அணுசக்தி முகமையின் எஸ்.எஸ்.ஆர்-6 விதித்தொகுப்பு.

அடுத்து, 9 மீட்டர் வீழ்ச்சிச் சோதனை. தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 48 கி.மீ. மட்டுமே; திருச்சி சாலையில் லாரி இதைவிட விரைவாகப் போகிறதே என்று கேட்கத் தோன்றும். மாடியிலிருந்து பித்தளை அண்டா விழுந்தால் ஆத்தங்குடிக் கல் விரிசல் விட்டு அடியில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். சோதனைத் தளமோ இம்மியும் நெகிழாதது. அடி முழுவதையும் கலனே தாங்க வேண்டும். எனவே வேகத்தோடு தளத்தின் விவரத்தையும், எந்தக் கோணத்தில் விழச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அதே சோதனைக் கலனே, 1 மீட்டர் உயரத்திலிருந்து 15 செ.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பத்தின் மீதும் விழ வேண்டும்; அந்த அடிகளோடேயே 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் நிற்க வேண்டும். வெப்ப வரைபடத்தை முப்பதாவது நிமிடத்தோடு மூடிவிடாதீர்கள். தடித்த சுவர் வழியே வெப்பம் மெல்ல உள்ளே இறங்குவதால், மூடியின் அடைப்பு வளையம் தீ அணைந்த பிறகே உச்ச வெப்பநிலையைத் தொடக்கூடும். நீரில் 15 மீட்டர் ஆழத்தில் 8 மணி நேரம் வைக்கும் சோதனையும் உண்டு. கதிரியக்கம் மிகுந்த சரக்கானால் 200 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில் 1 மணி நேரம்.

அப்பத்தா வீட்டில் தேங்குழல் நமுத்துப்போன டின்னைப் பார்த்திருப்பீர்கள். டின் உடைந்திருக்காது, மூடியின் விளிம்பு மட்டும் சற்று வளைந்திருக்கும். கலனிலும் சுவர் பிளப்பதைவிட, போல்ட்டு நீண்டு வளையம் விலகுவதே என் பார்வையில் முதலில் ஐயுற வேண்டியது. ஆகவே சோதனைக்குப் பிந்தைய கசிவு அளவை வரம்போடு ஒப்பிடுங்கள். 1 மீட்டர் தொலைவில் கதிர்வீச்சு மணிக்கு 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

கடைசியாகச் சான்றிதழின் காலாவதித் தேதியையும் சரக்கு அட்டவணையையும் பாருங்கள். எரிபொருளின் எரிப்பளவும் (உலையில் அது எவ்வளவு ஆற்றல் தந்தது என்பதன் அளவு), உலையிலிருந்து எடுத்தபின் நீர்க்குளத்தில் குளிர்வித்த ஆண்டுகளும் அதில் குறித்த வரம்புக்குள் இல்லையென்றால், அந்தச் சரக்குக்கு அந்த ஒப்புதல் செல்லாது.