விலங்கை வைத்துப் புனிதரை அடையாளம் காண்பது எப்படி?

பழைய ஓவியத்திலோ சுரூபத்திலோ (புனிதர் சிலையிலோ) இருப்பவர் யார் என்று தெரியாதபோது, காலடியில் இருக்கும் விலங்குதான் முதல் துப்பு. அதோடு நின்றுவிட்டால் பெயர் தவறிப்போகும். ஒரே விலங்கு பல புனிதர்களுக்கு உண்டு. விலங்கு என்ன செய்கிறது, காயம் யார் உடம்பில் இருக்கிறது, புனிதர் என்ன உடுத்தியிருக்கிறார் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

குழப்பம் அதிகம் சிங்கத்தில்தான். இறக்கை இருந்தால் அது நற்செய்தியாளர் மாற்கின் சின்னம். விலங்குக்கு இரங்கிய கதை எதையும் அதில் தேட வேண்டாம். இறக்கை இல்லாத சிங்கம் சாதுவாகப் படுத்திருக்க, பக்கத்தில் சிவப்பு அங்கி, அகன்ற சிவப்புத் தொப்பி, புத்தகம், மண்டையோடு இவற்றில் இரண்டு இருந்தாலே அவர் விவிலியத்தை இலத்தீனில் தந்த எரோணிமுஸ். அந்தத் தொப்பி கர்தினால்களுடையது (திருத்தந்தைக்கு அடுத்த நிலையில் இருப்பவர்கள்). அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்த வழக்கம். வரலாற்றுக்கு உதவாது, அடையாளத்துக்கு உதவும். அவர் சிங்கத்தின் பாதத்திலிருந்து முள்ளை எடுக்கும் காட்சியும் உண்டு.

சிவப்பு எதுவும் இல்லாமல், கிழக்கத்திய துறவி உடையில் ஒரு முதியவர் சிங்கத்தோடு இருந்தால் அவசரப்பட்டு எரோணிமுஸ் என்று எழுதிவிடாதீர்கள். அவர் யோர்தான் ஆற்றங்கரை மடத்தின் ஜெராசிமுஸ். உண்மையில் இந்தக் கதை முதலில் இவருடையதுதான். பாதத்தில் நாணல் சிம்பு குத்திய சிங்கத்தைக் குணப்படுத்துகிறார். மடத்துக்குத் தண்ணீர் சுமக்கும் கழுதைக்கு அது காவலாகிறது. கழுதை காணாமல் போனதும் சிங்கம் தின்றுவிட்டதாகப் பழி வருகிறது. தண்ணீர் சுமக்கும் வேலையும் அதன் தலையில் விழுகிறது. பிறகு அதுவே ஒட்டகக்காரனிடமிருந்து கழுதையை மீட்டு வருகிறது. ஆகவே படத்தில் கழுதையோ ஒட்டகமோ தெரிந்தால் அது மட்டும் போதாது: இதே கழுதைக் கதை பின்னாளில் எரோணிமுஸ் பெயரிலும் சொல்லப்பட்டது. உடைதான் தீர்ப்பு.

அடுத்து மான். இங்கேதான் காயம் பேசும். பெண்மான் ஒருவரை ஒட்டி ஒண்டியிருக்க, அம்பு மானின் மேல் இல்லாமல் அவர் கையிலோ தொடையிலோ தைத்திருந்தால் அவர் தென் பிரான்சின் கைல்ஸ். காட்டில் தனக்குப் பால் கொடுத்த மானை அரசனின் வேட்டைக்காரர்கள் துரத்த, அதற்கு வந்த அம்பைத் தான் ஏற்றார். இந்தக் கதைகளிலேயே நெஞ்சை அதிகம் தொடுவது இதுதான். 1500 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அம்பு அவர் கையைத் துளைத்திருப்பது தெளிவாகத் தெரியும். மாறாக, கலைமானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவை தெரிந்தால் அது வேட்டைக்காரன் மனம்மாறிய கதை. ரோமப் படைவீரன் உடை என்றால் யூஸ்தாக்கியுஸ். பிற்கால வேட்டை உடையோ ஆயர் (பிஷப்) உடையோ என்றால் ஹூபர்ட்.

ஓநாய் முன்னங்காலைத் துறவியின் கையில் வைத்திருந்தால் அசிசியின் பிரான்சிஸ், இடம் இத்தாலியின் குபியோ ஊர். இடுப்புக் கயிற்றில் மூன்று முடிச்சுகளும் கைகளில் ஐந்து காய வரத்தின் (இயேசுவின் சிலுவைக் காயங்கள் உடலில் தோன்றியதன்) தழும்புகளும் இருக்கும். குபியோ கதை ஓர் ஒப்பந்தம்: ஊர் ஓநாய்க்குத் தினமும் சோறு போட வேண்டும், ஓநாய் யாரையும் தாக்கக் கூடாது. 1437–44இல் ஓவியர் சசெட்டா வரைந்த ஓவியத்தில் அதை எழுதிவைக்கும் நோட்டரியையும் காணலாம்.

நீட்டிய உள்ளங்கையில் கருங்குருவிக் கூடு என்றால் அயர்லாந்தின் கெவின். கடலில் நின்று செபித்தவரின் கால்களை நீர்நாய்கள் துவட்டினால் இங்கிலாந்தின் கத்பெர்ட். சுரூபத்தில் அவரை நீர்நாயைவிட, கையில் ஏந்திய அரசர் ஆஸ்வால்டின் தலையை வைத்தே எளிதில் கண்டுகொள்ளலாம்.

நம் ஊரில் அடிக்கடி மாறிப்போவது இரண்டு அந்தோணியார்கள். பன்றி, மணி, டி வடிவக் கோல், வெண்தாடி என்றால் எகிப்தின் வனத்து அந்தோணியார். பன்றி அவர் வாழ்வில் வந்ததல்ல. அவர் பெயரால் நோயாளிகளைப் பராமரித்த சபை வளர்த்த பன்றிகளிலிருந்து ஒட்டிக்கொண்டது. இளம் முகம், லீலி மலர், கையில் குழந்தை இயேசு, அல்லது நீருக்கு மேல் தலைதூக்கிக் கேட்கும் மீன்கள் என்றால் பதுவை அந்தோணியார்.