நாய், பூனை பல் வைத்தியம்: இன்சூரன்ஸ் எதற்குப் பணம் தரும்?

பல் சுத்தம் செய்ய ஆன செலவுக்குப் பொதுவாகப் பணம் வராது. அடிபட்டு உடைந்த பல்லுக்குச் சில பாலிசிகள் தரும். ஈறு நோய்க்குக் கிடைக்குமா என்பது கையில் உள்ள பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது.

முதலில் பாலிசி எந்த வகை என்று பாருங்கள். தோட்டத்துச் சாளையில் காவலுக்கு நிற்கும் நாய்க்கு, ஆடு மாட்டுக்கு எடுப்பதுபோல எடுத்த பாலிசி என்றால், நாய் இறந்தால்தான் பணம் வரும். பல்லுக்கு ஒரு பைசா கிடைக்காது. வைத்தியச் செலவு தரும் பாலிசி என்றால் முழு விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்கி, ‘விலக்குகள்’ பகுதியைப் படியுங்கள். விளம்பரத் தாளை நம்பிப் பிரீமியம் கட்டாதீர்கள். பல் நோய் மொத்தமாக விலக்கா, விபத்து மட்டும் சேர்த்தியா, காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்தபின் கிளெய்ம் கேட்க முடியாத நாட்கள்) எத்தனை நாள், பல்லுக்கென்று தனி உச்சவரம்பு உண்டா என்பதைத் தேடுங்கள். பூனைக்குப் பாலிசி தரும் கம்பெனிகளே குறைவு.

கிளெய்ம் தள்ளுபடியாவதற்கு முக்கியக் காரணம் ‘முன்பே இருந்த நோய்’. பற்காரை படிந்து ஈறு சிவந்த பிறகு பாலிசி எடுத்தால், அடுத்து வரும் எந்த ஈறு நோயையும் இந்தக் கணக்கில் தள்ளிவிடுவார்கள். பால் பல் விழுந்து முடிவது ஏழாம் மாதவாக்கில். அப்போதே டாக்டரிடம் வாயைக் காட்டி, நாய்க்கு 42 பல், பூனைக்கு 30 பல், ஈறு நலம் என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். விழாமல் நிற்கும் பால் பல்லைப் பிடுங்கும் செலவு இன்சூரன்ஸில் வருவது அரிது. கருத்தடைக்கு மயக்கம் கொடுக்கும்போதே எடுத்துவிட்டால் ஒரு மயக்கச் செலவு மிச்சம்.

நாய்க்கு அடிக்கடி உடைவது மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப்பல். டாக்டர்களின் பல் அட்டவணையில் அதன் எண் வலப்பக்கம் 108, இடப்பக்கம் 208. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியின் கால் எலும்புதான் பெரும்பாலும் காரணம். நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். உடைந்தால் அன்றே போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, எக்ஸ்ரேயும் டாக்டர் குறிப்பும் வாங்குங்கள். குறிப்பில் பல் எண், எப்படி உடைந்தது, என்று உடைந்தது என மூன்றும் இருக்க வேண்டும். பூனைக்கு வரும் பல் அரிப்பு (பல் தானாகக் கரைந்து போவது), வாய்ப்புண் இரண்டும் நோய்க் கணக்கு. விபத்து மட்டும் சேர்ந்த பாலிசியில் இவற்றுக்கு இடமில்லை.

பில்லில் வெறும் ‘ஸ்கேலிங்’ (பற்காரையைச் சுரண்டி எடுப்பது) என்று போட்டால் அதை அழகுபடுத்தும் வேலை என்று ஒதுக்கிவிடுவார்கள். நோயின் பெயர், மயக்க மருந்து, எக்ஸ்ரே, பிடுங்கிய பற்கள், மாத்திரை எல்லாம் தனித்தனி வரியாக வரட்டும். தேதி குறித்துச் செய்யும் அறுவைக்கு முன்கூட்டியே கம்பெனியின் ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்குங்கள். தடுப்பூசி விட்டுப்போயிருந்தாலும் சில கம்பெனிகள் கை விரிக்கும். மயக்கம் இல்லாமல் செய்யும் ஸ்கேலிங் வெளியே தெரிவதை மட்டும் சுரண்டும். நோய் இருப்பது ஈறுக்கு அடியில், ஆக அந்தக் காசு வீண்.

பாலிசி பல்லை அடியோடு விலக்கினால், பல்லுக்காக அதை எடுக்காதீர்கள். அந்தப் பிரீமியத்தைத் தபால் நிலைய ஆர்.டி.யில் மாதாமாதம் போடலாம். நாமக்கல், உடுமலை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் விசாரித்துப் பாருங்கள். தினமும் பல் தேய்க்க நாய்க்கான பேஸ்ட்தான் வேண்டும். நம் பேஸ்ட் சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.