பறவையை நோக்கி நடக்காதீர்கள்

ஐப்பசி மழை பிடித்து வயலில் தண்ணீர் நிற்கத் தொடங்கியதும் எங்கள் பக்கம் கேமராக்கள் வெளியே வந்துவிடும். வடுவூர் ஏரிக்கரை, உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போனாலும் கழுத்தில் லென்ஸ் தொங்க நாலு பேராவது நிற்கிறார்கள். பறவை பார்க்க ஆள் கூடுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் செய்கிற சில தவறுகளால் படமும் கெடுகிறது, பறவைக்கும் கேடு வருகிறது. அவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் தவறு, பறவையைப் பார்த்ததும் அதை நோக்கி நடப்பது. வரப்போரம் நிற்கிற மடையான் கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நெருங்க நெருங்க, இரை தேடுவதை விட்டுவிட்டு அசையாமல் நிற்கும். கழுத்தை மெல்ல நீட்டும். அங்கேயே நின்றுவிட வேண்டும். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் வெள்ளை இறக்கையை விரித்துப் போயே போய்விடும். கேமராவில் விழுவது அதன் முதுகு மட்டும்தான்.

அதற்குப் பதிலாக உட்காருங்கள். மோட்டார் கொட்டகை நிழலோ மதகுக் கட்டையோ போதும். அரை மணி நேரம் ஆடாமல் இருந்தால் பறவைகள் உங்களைப் பொருட்படுத்தாமல் தங்கள் வேலையைப் பார்க்க ஆரம்பிக்கும். வெண்மார்பு மீன்கொத்தி ஒரே கம்பத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வரும். அது வருவதற்கு முன்பே அந்தக் கம்பத்துக்கு எதிரில் இடம் பிடித்துவிடுங்கள். சாலையோரம் என்றால் காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டு எடுங்கள். வண்டிக்குப் பயப்படாத கொக்குகூட நடந்து வரும் மனிதனுக்குப் பயப்படும். சேற்றுழவு நடக்கிற வயலில் இதுவும் தேவையில்லை, டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் தாமாகவே கூட்டமாக வந்துவிடும்.

அடுத்தது கூடு. இதில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன், உளுந்து எடுத்த தரிசில் சித்திரை வெயிலில் நடந்துகொண்டிருந்தேன். ஆள்காட்டி இரண்டு தலைக்கு மேல் கத்திச் சுற்றின. ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கிற பறவைதானே என்று நானும் படம் எடுத்தபடி நின்றேன். குனிந்தபோதுதான் தெரிந்தது, காலிலிருந்து ஒரு முழ தூரத்தில் நான்கு முட்டைகள். மண்ணாங்கட்டி நிறம், மேலே கருந்திட்டுகள், கூர்முனைகள் நான்கும் உள்ளே பார்த்தபடி ஒட்டிக் கிடந்தன. கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சின்னக் குழி, சுற்றிலும் கொஞ்சம் ஆட்டுப்புழுக்கை, அவ்வளவுதான். பின்வாங்கி வந்து வாய்க்கால் கரையில் பைனாகுலரோடு உட்கார்ந்தேன். தாய்ப்பறவை தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு போய் முட்டைகள் மேல் உட்கார்ந்தது. அந்த வெயிலில் முட்டைகள் வெந்துபோகாமல் அப்படித்தான் காக்கிறது. நான் அங்கே நின்று படம் எடுத்த நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் கிடந்திருக்கின்றன.

உதயமார்த்தாண்டபுரத்தில் மரத்துக்கு மரம் நத்தைக்குத்தி நாரை கூடு வைத்திருக்கும். கீழே கைதட்டினாலோ கூச்சல் போட்டாலோ பெரியவை கிளம்பிவிடும், மிரண்ட குஞ்சு கிளையிலிருந்து விழும். காகங்களும் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நாம் போய் வந்த இடத்துக்கு அவை போகும். இலையை விலக்கிக் கூட்டை 'தெளிவாக' எடுக்கிறவர்கள் காகத்துக்கு வழி காட்டுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கூட்டுப் படம் வேண்டாம். தப்பித் தவறி எடுத்துவிட்டாலும் இடத்தைச் சொல்லிப் பதிவு போட வேண்டாம். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று நினைத்து அது சண்டைக்கு வருகிறது.

கோடியக்கரையில் இன்னொன்று பார்க்கிறேன். பறக்கிற படம் வேண்டும் என்பதற்காக, மேய்ந்துகொண்டிருக்கிற பூநாரைக் கூட்டத்தைக் கத்தி எழுப்புகிறார்கள். அதே சேற்றில் சைபீரியா வரை திரும்பிப் போக வேண்டிய உள்ளான் என்கிற கரைப்பறவைகளும் மேய்கின்றன. பங்குனி, சித்திரையில் கிளம்புவதற்குள் உடம்பில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். நாம் ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பில்தான் கை வைக்கிறோம். காத்திருங்கள், அவை தாமாகவே பறக்கும்.

அங்கே படம் மங்கலாக வந்தால் உடனே லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். வெயில் ஏறியதும் உப்பளத்துக்கும் சேற்றுக்கும் மேலே கானல் ஆடும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் பறவை குழம்பித்தான் தெரியும். விடியும்போது அங்கே இருக்க வேண்டும். கொக்குப் படம் வெறும் வெள்ளைத் திட்டாக வருவதற்குக் காரணம் வேறு. பச்சைப் பயிர் நிறைந்த படத்தைக் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகின் கோடுகள் அழிந்துபோகும். கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) மைனஸ் 1 வரை இறக்கினால் ஒவ்வொரு இறகும் தெரியும்.

பெயரில் நடக்கிற தவறுகளும் உண்டு. 'ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பறவைகள்' என்று ஏரிக்கரையில் யாராவது சொல்லாத வருடமே இல்லை. நம் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வருகிற விருந்தாளிகள் வடக்கிலிருந்துதான் வருகின்றன. ஊசிவால் வாத்து அப்படி வருவது. நத்தைக்குத்தியோ நம் நாட்டுப் பறவை, இங்கேயே குஞ்சு பொரிக்கிறது. வளர்ந்ததன் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருக்கும், குஞ்சின் அலகில் அந்த இடைவெளி இருக்காது. அதைப் பார்த்து வேறு இனம் என்று எழுதுகிறவர்கள் நிறைய. இனப்பெருக்கக் காலத்தில் உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும், மடையானுக்கு முதுகு கருஞ்சிவப்பாகும். அவையும் புதுப் பறவைகள் அல்ல. வெள்ளைக் கொக்கில் சந்தேகம் வந்தால் அலகையும் காலையும் பாருங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் என்றால் சின்னக் கொக்கு.

அப்புறம், அபூர்வப் பறவை கிடைத்தால்தான் குறிப்பு எழுதுவேன் என்று இருக்காதீர்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்ததை எண்ணி, பறவைக் குறிப்புகளைச் சேர்க்கிற ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிந்தால் போதும், வீட்டுக் கொல்லையே இடமாக இருக்கலாம். போன பொங்கலுக்கு எங்கள் கொல்லையில் நான் எண்ணியது: மைனா ஆறு, கரிச்சான் இரண்டு, செண்பகம் ஒன்று, வாய்க்கால் ஓரத்தில் ஒரு மடையான்.