மதுரையில் திருமணம், கனடாவில் விண்ணப்பம்: விமானம் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டியவை

கனடாவில் நிரந்தர வதிவுரிமை பெற்ற நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் மூன்று வார விடுப்பில் மதுரைக்குப் போய்த் திருமணத்தை முடித்து, மறுவீட்டு விருந்து செரிப்பதற்குள் திரும்பிவிடுகிறார்கள். துணைவரை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பத்தை டொராண்டோவுக்கு வந்தபின் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். பாதி சரி. படிவங்களை இங்கே உட்கார்ந்து நிரப்பலாம். அவை கேட்கும் காகிதங்கள் மதுரையில் இருக்கின்றன. சிலவற்றுக்கு இருவரும் நேரில் போய் நிற்க வேண்டும்.

தகுதி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரந்தரவாசியோ குடிமகனோதான் அழைக்க முடியும். மாணவர் விசாவில் இருப்பவருக்கு இந்த வழி கிடையாது. நிரந்தரவாசி கனடாவில் வசித்துக்கொண்டிருக்க வேண்டும். துணைவருக்கு மட்டும் என்றால் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு அவருடைய செலவுக்கு நீங்களே பொறுப்பு என்று கையெழுத்திட வேண்டும். கியூபெக்கில் இருப்பவர்களுக்கு நடைமுறை வேறு. நீங்களே துணைவராக அழைக்கப்பட்டு வந்து, அந்த உறவு முறிந்து மறுமணம் செய்திருந்தால், வதிவுரிமை பெற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

இனி ஊர் வேலை. திருப்பரங்குன்றம் கோயிலில் திருமணம் நடந்தால் கோயில் ரசீது கிடைக்கும். மண்டபத்தில் நடந்தால் மண்டப ரசீது கிடைக்கும். இரண்டும் ஆதாரங்கள்தான், ஆனால் திருமணச் சான்றிதழ் ஆகா. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி எந்த மதத்தவரானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மணமக்களும் சாட்சிகளும் நேரில் போக வேண்டும் என்பதால், விருந்துகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது இதை விடுப்புக்குள் முடியுங்கள். கையெழுத்திடுவதற்கு முன், தட்டச்சு செய்த பெயர்களை பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பின்னால் கூட்டம் நெருக்கினாலும் பரவாயில்லை. சான்றிதழில் திருமணம் நடந்த நாள், பதிவு செய்த நாள் என்று இரண்டு தேதிகள் இருக்கும். படிவத்தில் திருமணத் தேதியாக எழுத வேண்டியது முதலாவதை. கணவர் ஒன்றையும் மனைவி மற்றொன்றையும் எழுதினால் வீண் விசாரணைதான்.

பெரிய தலைவலி பெயர். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு முதலெழுத்தும். கனடியப் படிவம் கேட்பது குடும்பப் பெயரையும் தனிப் பெயரையும். ஆதாரில் எஸ். கார்த்திகா, பள்ளிச் சான்றிதழில் கார்த்திகா எஸ்., பாஸ்போர்ட்டில் கார்த்திகா சுந்தரம் என்று ஒரே பெண் மூன்று பேராகத் திரிவது நம் வீடுகளில் சாதாரணம். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள். மற்ற வடிவங்களை, வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் இடத்தில் மறைக்காமல் சேருங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், தனிப் பெயரைப் படிவத்தின் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, தனிப் பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அப்பா பெயர் ஒரு காகிதத்தில் முத்துராமலிங்கம், இன்னொன்றில் ராமலிங்கம் என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரி வக்கீலிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருமணமான சூட்டில் மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கத் துடிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அவசரம் ஒன்றுமில்லை. விண்ணப்பத்தின் நடுவில் பெயரை மாற்றினால் அதற்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பிறந்த தேதியும் இப்படித்தான். பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தால் படிவத்திலும் அதையே எழுதுங்கள். மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ் வேறு தேதி சொன்னால் காரணத்தைத் தனிக் கடிதத்தில் எழுதி இணையுங்கள்.

பின்னணி விவரங்களுக்கான ஐ.எம்.எம். 5669 படிவம், கடந்த பத்து ஆண்டுகளில் என்ன செய்தீர்கள், எங்கே வசித்தீர்கள் என்று மாத வாரியாகக் கேட்கும். இடைவெளி கூடாது. கல்லூரி முடித்து இரண்டு ஆண்டுகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்தவர் அதை அப்படியே எழுதலாம். சும்மா இருந்தார் என்று சொல்ல வெட்கப்பட்டு, மாமா கடையில் மேலாளர் என்று எழுதுவதுதான் ஆபத்து. பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து ஆண்டுகள் தடை. முகவரிகளில் திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் காகிதத்துக்குக் காகிதம் மாறும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாப் படிவங்களிலும் அதையே பயன்படுத்துங்கள்.

பி.சி.சி. எனப்படும் காவல்துறைச் சான்றை பாஸ்போர்ட் சேவா தளத்தில் பதிவு செய்து, மதுரை பாஸ்போர்ட் சேவை மையத்தில் வாங்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வாங்கும் சரிபார்ப்பு அறிக்கை வேறு. அதை அனுப்பினால் திரும்பிவரும். விண்ணப்பிக்கும் நாளில் இந்தச் சான்றுக்கு ஆறு மாதத்துக்கு மேல் வயதாகியிருக்கக் கூடாது என்பதால், இதை மட்டும் மிகவும் முன்கூட்டி வாங்க வேண்டாம். துணைவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் தேவை. தமிழில் உள்ள எந்தக் காகிதத்துக்கும் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். குடும்பத்தினர் செய்யக் கூடாது, சித்தப்பா வக்கீலாகவே இருந்தாலும்.

உறவு உண்மையானதா என்று பார்ப்பதற்கு ஐ.எம்.எம். 5532 என்ற படிவம் இருக்கிறது. யார் அறிமுகப்படுத்தினார், நிச்சயம் எப்போது, திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் கேட்கும். பெரியோர் பார்த்து முடித்த திருமணம் என்பதால் சந்தேகம் வருமோ என்று அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது, ‘இரு வீட்டாரும் பேசி முடித்தார்கள்’ என்ற ஒற்றை வரிப் பதிலுக்குத்தான். பெண் பார்க்க வந்தது எந்த மாதம், பேச்சை எடுத்தது பெரியப்பாவா தரகரா, அதன்பின் நீங்கள் இருவரும் எப்படிப் பேசிப் பழகினீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். வந்தவர்களை நினைவுபடுத்த மொய் நோட்டைவிட நல்ல ஆவணம் கிடையாது. ஊர், பெயர், உறவு எல்லாம் அதில் இருக்கும். படங்களில் தாலி கட்டும் காட்சியையே பல கோணங்களில் அனுப்பாமல், நிச்சயம், மாமன் சீர், மறுவீடு என்று நாட்களும் முகங்களும் மாறும்படி தேர்ந்தெடுங்கள். மாமன் மகளையோ அத்தை மகனையோ மணந்திருந்தால் அதை ஒளிக்காதீர்கள். வழக்கப்படி அது நம் சட்டத்தில் செல்லும், கனடியச் சட்டமும் தடுக்கவில்லை.

படிவத்தை ஊரில் கணினி மையத்தில் கொடுத்து நிரப்பச் சொல்வதை நான் விரும்புவதில்லை. அங்கே இருக்கும் தம்பி நல்லவராகவே இருப்பார். ஆனால் தன் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துக் கணக்குத் தொடங்கிவிட்டால், கனடாவிலிருந்து வரும் கடிதம் அவருக்குத்தான் போகும். கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் விண்ணப்பிப்பவர் கனடிய வழக்கறிஞராகவோ உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும். ஆலோசகர் என்றால் உரிம எண்ணைக் கேட்டு, ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பின் (பெயரில் ‘காலேஜ்’ என்றிருக்கும், படிக்கும் கல்லூரி அல்ல) இணையப் பட்டியலில் தேடிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

விண்ணப்பம் போன பிறகு விரல்ரேகை பதிவுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அழைப்பு வரும். விரல்ரேகையைச் சென்னையில் உள்ள கனடா விசா விண்ணப்ப மையத்தில் கொடுக்கலாம். பரிசோதனையைக் கனடியக் குடிவரவுத் துறையின் பட்டியலில் உள்ள மருத்துவரே செய்ய வேண்டும். குடும்ப டாக்டர் கடிதம் செல்லாது. காத்திருக்கும் மாதங்களில் குழந்தை பிறந்தால் உடனே தெரிவியுங்கள். கனடிய மண்ணில் இறங்குவதற்கு முன் அந்தக் குழந்தையைக் கணக்கில் காட்டாமல் விட்டால், பிறகு குடும்பத்தினருக்கான பிரிவில் அழைக்கக் கனடியக் குடிவரவு விதி 117(9)(டி) குறுக்கே நிற்கக்கூடும்.