மே மாதத்தில் சியரா நெவாடா: ஒவ்வொரு நாளையும் நள்ளிரவிலிருந்து திட்டமிடுங்கள்

அமெரிக்காவின் மேற்கே மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை செல்லும் நெடுந்தூர நடைபாதையான பசிபிக் கிரெஸ்ட் பாதையில் தெற்கிலிருந்து வருபவர்கள், கலிஃபோர்னியாவில் உள்ள கென்னடி மெடோஸ் என்ற சிற்றூரைத் தாண்டியதும் சியரா நெவாடா உயர்மலை தொடங்குகிறது. சராசரி அளவு பனி பெய்த ஆண்டில் ஜூன் நடுவில் நுழைவதே வழக்கம். மே மாதமே போவதானால் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு, எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

இரவில் உறைந்த பனி காலையில் கல்லைப்போல் இருக்கும், காலணிக்கடியில் இரும்பு முள் பூட்டினால் நன்றாகவே நடக்கலாம். வெயில் ஏறினால் அதே பனியில் தொடைவரை புதைவீர்கள். அதனால் 4,009 மீட்டர் உயர ஃபாரெஸ்டர் கணவாய் போன்ற இடங்களுக்கு முந்தைய இரவே அடிவாரத்தில் கூடாரம் போட்டு, அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி, காலையிலேயே மறுபக்கம் இறங்கிவிடுங்கள். ஐஸ் ஆக்ஸ் (பனியில் ஊன்றிப் பிடிக்கும் சிறு கோடாரி) பையில் தொங்கினால் பயனில்லை, கையில் இருக்க வேண்டும். சறுக்கினால் நிறுத்திக்கொள்ளும் பயிற்சியைச் சிறு சரிவில் முன்பே எடுத்துவிடுங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

ஓடைகளுக்கும் இதே கணக்குதான். பகலில் உருகும் பனி மாலையில் வெள்ளமாக இறங்கும், விடியலில் நீர் குறைந்திருக்கும். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. பனியில் ஒரு நாளுக்கான தூரம் பாதியாகக்கூடச் சுருங்கும். கரடிப்பெட்டியில் (கரடி திறக்க முடியாத உணவுப்பெட்டி) இரண்டு நாள் உணவு கூடுதலாக வையுங்கள். பாதையிலிருந்து விலகி கியர்சார்ஜ் கணவாய் வழியாக ஊருக்கு இறங்க நினைத்தால், அடிவாரச் சாலை திறந்துவிட்டதா என்று புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.