ஊட்டியில் 900 ரூபாய் போன பிறகு

வேலையாக ஒரு வாரம் ஊட்டியில் தங்கினேன். முதல் நாளே மேஜையில் கோலால் பந்தை அடித்து ஆடும் பூல் பார்லர் ஒன்றில் 900 ரூபாய் அவுட். 50 ரூபாய் வைத்து ஆடிய இரண்டு ஆட்டத்தில் எதிராளி வேண்டுமென்றே தோற்றான். "ஐந்நூறு வைப்போமா?" என்று கேட்டான்; அதன்பின் அவன் கையே மாறிவிட்டது. இந்த வித்தையை மதுரையிலேயே பார்த்தவன் நான்; ஆனாலும் விழுந்தேன்.

மறுநாள் பர்ஸைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு அங்கே பாயின்ட் குறிக்கும் மார்க்கர் அண்ணனிடம் கேட்டேன். "தோத்தவன் டேபிள் வாடகைக் காசு குடுக்கணும், அதோட சரின்னு ஆடுறவங்ககிட்ட ஆடுங்க தம்பி. தொகையை ஏத்துறவன்கிட்ட போகாதீங்க" என்றவர், வேறொரு ஹாலுக்கு வழியும் சொன்னார்.

அங்கே பூல் மாதிரியே கோலால் ஆடும் ஸ்னூக்கருக்கான 12 அடி டேபிள். வெள்ளைப் பந்தை மெதுவாக உருட்டினேன். கோணாமல் நேராகப் போனது, மட்டம் சரி. மலை ஈரத்தில் துணி நமத்தால் பந்து மந்தமாக ஓடும். இவர்கள் ஆடாத நேரம் மூடி வைக்கிறார்கள்.

1875-ல் ஜபல்பூரில் பிறந்த இந்த ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி மாட்டியது இந்த ஊர் கிளப்பில்தான். அந்தப் பெருமையோ என்னவோ, என்னோடு ஆடிய பெரியவர் கேட்காமலே எனக்கு ஆரம்பத்திலேயே 20 பாயின்ட் விட்டுக்கொடுத்தார். மூன்று ஃபிரேமும் (ஆட்டமும்) தோற்றேன். டேபிள் காசு மட்டும்தான் செலவு.